பரராசசிங்கம் அண்ணை காடு பாக்கப் போன சனிக்கிழமை

முதலே சொல்லிப்போடுறன், எனக்கு வாய் கூட. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லவும் வராது. எண்பத்தஞ்சில நானும் என்ர மனுசன் ஸ்ரனிஸ்லாசும் ஜேர்மனிக்கு வந்து, டோர்ட்மண்டுக்குத் தெற்கால மலைப்பக்கத்துச் சின்ன ரவுண் ஒண்டில, அகதிகள் ஹைமில இருந்தம். ஹைம் எண்டால் ஒரு பழைய பள்ளிக்கூடம். பதினெட்டுப் பேர், ரெண்டு குசினி, வாசல் சுவரில ஒரு ரெலிபோன். வேலை செய்ய விடமாட்டாங்கள், மாவட்ட எல்லை தாண்ட விடமாட்டாங்கள். கிழமையில ரெண்டு நாள் வேதக்கோயில் மண்டபத்தில டொச்சுப் பாசை வகுப்பு நடக்கும். அதுக்கு ஒழுங்காப் போனது நான் ஒராள்தான். அதால ஹைமுக்கு வாற கடிதமெல்லாம் என்ர கைக்கு வரும். அரைவாசி விளங்கும். மிச்ச அரைவாசியை நானே நிரப்பிச் சொல்லுவன். பிழை பிடிக்க அங்க ஆர் இருந்தது?

பரராசசிங்கம் அண்ணை எண்பத்தாறு மாசியில வந்து சேந்தார். கிழக்கு பேர்லினில இறங்கி, ரயிலேறி இந்தப் பக்கம் வந்து, அங்கயும் இங்கயும் அனுப்புப்பட்டுக் கடைசியா எங்கட ஹைமில வந்து நிண்டார். நாப்பத்தெட்டு வயசு. ஒரு சூட்கேஸ், ஒரு கறுத்தக் கோட்டு. கையில ஒரு மணிக்கூடு, அது இலங்கை நேரத்தில ஓடும். "மாத்துங்கோவன் அண்ணை" எண்டால், "கழிச்சுப் பாத்தால் சரிதானே பிள்ளை" எண்டுவார்.

ஊரில அவர் மரக் கூட்டுத்தாபனத்தில வேலை. வவுனியாப் பக்கத்துக் காடுகளில பத்தொம்பது வருசம் மரம் அளந்தவர். வெட்டின குத்தி ஒவ்வொண்டின்ர முகத்திலயும் இரும்புச் சுத்தியலால ஒரு முத்திரை அடிப்பினமாம். முத்திரை இருந்தால்தான் லொறி சாவடி தாண்டலாம். கள்ள முத்திரையைப் பிடிக்கிறதில உவர் விண்ணன் எண்டு ஹைமில இருந்த வவுனியாப் பெடியன் ஒருத்தன் சொன்னான். தூரத்தில நிண்டே, "அது எங்கட இல்லை" எண்டு சொல்லிப்போடுவாராம். பிறகு ஆரோ சாவடியை எரிச்சாங்கள். ஆமிக்காரர் இவரைக் கொண்டுபோய் நாப்பது நாள் வைச்சிருந்தாங்கள். விட்ட பிறகு மனுசன் அழவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார், கோவிக்கவும் மாட்டார். சோறு குழைஞ்சாலும் சாப்பிடுவார், அவியாட்டியும் சாப்பிடுவார். "உப்புக் கூடிப்போச்சோ அண்ணை?" எண்டு கேட்டால், "உப்போ?" எண்டு திருப்பிக் கேப்பார். எனக்கு விசர் வரும். ஒரு மனுசனைத் திட்டவும் ஏலாமல் இருக்கிறது பெரிய கரைச்சல்.

பிள்ளையள் இல்லை. மனிசி சந்திரகாந்தி அக்கா உரும்பிராயில தனிய. மாசத்தில முதல் சனிக்கிழமை, எங்கட நேரம் பதினொரு மணிக்கு, அவ யாழ்ப்பாண ரவுணுக்கு வந்து ஒரு கடையில இருந்து ஹைமுக்குக் கோல் எடுப்பா. அண்டைக்கு அண்ணை பத்தரைக்கே முகம் வழிச்சு, சேட்டுப் போட்டு, ரெலிபோனுக்குக் கீழ கதிரை போட்டு இருப்பார். ஒருத்தரையும் கிட்ட விடமாட்டார். அந்தப் பத்து நிமிசம் மட்டும் மனுசன்ர முகத்தில ஒரு அசைவு இருக்கும். எல்லாருக்கும் கேக்கும், சுவர் அவ்வளவு மெல்லிசு. சந்திரகாந்தி அக்கா கேக்கிறது எப்பவும் ஒரே கேள்விதான் எண்டு அவர் சொல்லுற மறுமொழியில தெரியும். "அகதிக் கேஸ் முடிய உடனை கூப்பிடுவன். ஓம். ஓமப்பா. இன்னும் கடிதம் வரேல்லை." என்னை எப்ப கூப்பிடுவியள் எண்டதுதான் கேள்வி.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வாறன். எண்பத்தேழு ஒக்ரோபர் மூண்டாந் திகதி.

முதல் நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணை ஒரு பேப்பரைக் கொண்டுவந்து என்ர கையில தந்தார். தைப் அடிச்ச பேப்பர். மேல அவற்ற பேர் பேனையால எழுதியிருக்கு. நாளைக்குச் சனிக்கிழமை ஒம்பது மணி, பஸ் நிலையம், நேரம் தவறாமல் வரவும். நல்ல சப்பாத்து எண்டும் ஏதோ கிடக்கு. கீழ வட்ட முத்திரை, நடுவில செட்டை விரிச்ச கழுகு.

கழுகைக் கண்டதோட நான் மிச்சத்தை வாசிக்கேல்லை. இந்த நாட்டில எங்களுக்கு அரசாங்கத்திட்ட இருந்து வந்த பெரிய பெரிய கடிதத்தில எல்லாம் கழுகுதானே இருக்கும். "அண்ணை, இது டெர்மின்" எண்டன், கந்தோரில வந்து நிக்கச்சொல்லுற தவணைக்கு இஞ்ச அதுதான் பேர். "உங்கட கேஸ் விசயமாக் கூப்பிடுறாங்கள்."

"சனிக்கிழமையிலயோ?"

"அவசரமாக்கும்." பாருங்கோ என்ர வாயை! கொஞ்சங்கூட யோசிக்கேல்லை.

அண்ணை பேப்பரைத் திருப்பி வாங்கி, யன்னலடிக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில பிடிச்சு, அந்த முத்திரையைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டார். நான் அவர் பயந்துபோனார் எண்டு நினைச்சன்.

"நாளைக்கு அக்கா கோல் எடுப்பாவெல்லோ" எண்டன். "நான் போய்க் கேட்டு வேற நாள் மாத்தட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. டெர்மின் எண்டால் போகத்தான் வேணும். அவள் வாற மாசம் எடுப்பாள்தானே."

துணைக்கு மொழிபெயர்க்க நானும் வெளிக்கிட்டன். கோல் வந்தால் விசயத்தைச் சொல்லச் சொல்லி ஸ்ரனிஸ்லாசுக்குச் சொல்லி வைச்சன்.

சனிக்கிழமை விடியவே தூறல். அண்ணை கறுத்தக் கோட்டுப் போட்டு, ரை கட்டி, மினுக்கின சப்பாத்தோட நிண்டார். நெஞ்சுப் பையைக் கையால தொட்டுத் தொட்டுப் பாத்தார். அடையாள அட்டை பத்திரமா இருக்கோ எண்டு பாக்கிறார் எண்டு நினைச்சன். நானும் என்ர நல்ல சீலையை உடுத்து, அதுக்கு மேல கம்பளிச் சட்டை. பஸ் நிலையத்தில ஒம்பது பத்து டொச்சுக் கிழவன் கிழவியள், தடியும் மழைக்கோட்டுமா நிண்டினம். அவைக்கு நடுவில பச்சை யூனிபோர்மோட ஒராள். பொலிஸும் பச்சைதானே போடுறது! கூடவே எங்களுக்கு டொச் வகுப்பெடுக்கிற மக்டலீன் அம்மா. நல்லகாலம், தெரிஞ்ச ஆளையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள் எண்டு நான் நினைச்சன்.

பஸ் அரைமணித்தியாலம் ஓடி, றோட்டு முடியிற இடத்தில இறக்கிப்போட்டுது. பாத்தால் காடு. பச்சைச் சட்டைக்காரர் முன்னுக்கு நடக்க, எல்லாரும் ஒரு பள்ளத்துக்குள்ள இறங்கினம். இறங்க இறங்க வெளிச்சம் குறைஞ்சுது. மழை அங்க விழுகிற மாதிரித் தெரியேல்லை, காத்திலயே நிண்டுது. கல்லு, வேர், விழுந்த மரம், நிக்கிற மரம் எல்லாத்திலயும் பாசி, கை வைச்சால் நனைஞ்ச மெத்தை மாதிரி அமுங்கும். கொப்புகளில இருந்து சாம்பல் நிறத்தில நூல் நூலாத் தொங்குது. கீழ சின்ன ஆறு சத்தம் போட்டுக்கொண்டு ஓடுது. என்ர சீலை முழங்கால் மட்டும் நனைஞ்சு காலைச் சுத்திக்கொண்டுது. எந்தக் கோதாரி இடத்தில விசாரணை வைக்கிறாங்கள் எண்டு மனசுக்குள்ள திட்டிக்கொண்டு இறங்கினன்.

பச்சைச் சட்டைக்காரர் நிண்டு நிண்டு விளக்கம் சொன்னார். ஒரு காலத்தில இந்த மலையெல்லாம் இப்பிடி மழைக்காடாத்தான் இருந்ததாம். வெட்டி வெட்டி இந்தத் துண்டு மட்டும்தான் மிச்சமாம். பள்ளம் செங்குத்து எண்டபடியா வண்டில் இறங்க ஏலாமல் போய், இது தப்பிச்சுதாம். நான் விளங்கினதை அண்ணைக்குச் சொன்னன். அண்ணை ஒரு பெரிய மரத்துக்குக் கிட்டப் போனார். பொல்லாத பருமன். கோட்டோட, ரையோட, ரெண்டு கையையும் விரிச்சு மரத்தைக் கட்டிப்பிடிச்சார். விரல்நுனி முட்டின இடத்தில இருந்து திருப்பிக் கட்டிப்பிடிச்சார். பிறகு அரைவாசி.

"பதின்மூண்டே முக்கால் அடி" எண்டார். "சொல்லு பிள்ளை. என்ர கை விரிச்சால் அஞ்சரை அடி."

சொன்னன். பச்சைச் சட்டைக்காரர் சிரிச்சுக்கொண்டு பையில இருந்து அளவு நாடாவை எடுத்துச் சுத்தினார். நாலு மீற்றர் இருபது. நான் பேப்பரில பெருக்கிப் பாத்தன். ஒரு அங்குலங்கூட வித்தியாசம் இல்லை. கிழவன் கிழவியள் எல்லாம் கை தட்டிச்சினம். பச்சைச் சட்டைக்காரர் அண்ணையின்ர கையைப் பிடிச்சுக் குலுக்கி, சின்னக் கொப்பியில ஏதோ எழுதினார். எழுதிறாரடா! கேஸ் நல்லாப் போகுது எண்டு நான் உள்ளுக்குள்ள மாதாவுக்கு நன்றி சொன்னன். அண்ணையின்ர கோட்டு முழுக்கப் பாசி. முகத்தில ஒண்டும் இல்லை.

பத்தரை இருக்கும், எல்லாரும் ஒரு கல்லடியில நிண்டினம். மக்டலீன் அம்மா ஒரு ரின்னைத் திறந்து கேக் எடுத்தா. ஒருத்தர் பிளாஸ்கில இருந்து கோப்பி வாத்தார். ரெண்டு கிழவியள் பாணைக் கடிச்சுக்கொண்டு தவளையோ பல்லியோ மாதிரி ஏதோ ஒண்டை, கறுப்பும் மஞ்சளுமா ஈரத்தில ஊருறதைப் பாத்து "ஆ, ஆ" எண்டினம். எனக்கு அப்பதான் சந்தேகம் வந்தது. மக்டலீன் அம்மாவிட்டப் போய், எனக்குத் தெரிஞ்ச டொச்சில, "விசாரணை எப்ப துவங்கும்?" எண்டு கேட்டன்.

"எந்த விசாரணை?" எண்டா அவ.

இது கோயில் சபை வருசாவருசம் போற இயற்கை நடையாம், பச்சைச் சட்டைக்காரர் காட்டு அதிகாரியாம். உங்கட நண்பர் கோயில் வளவு மரங்களை ஒவ்வொரு நாளும் தொட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறவர், அவருக்குப் பிடிக்கும் எண்டு நான்தான் பேர் எழுதித் தபால்பெட்டிக்குள்ள போட்டனான் எண்டு சொல்லி, ஒரு கேக் துண்டையும் என்ர கையில வைச்சா. அந்தப் பள்ளம் அப்பிடியே என்னை விழுங்காதோ எண்டு இருந்தது. பஸ் ஒரு மணிக்குத்தான். நடந்து போனால் பின்னேரமாகும். அண்ணையிட்டச் சொல்லவோ விடவோ எண்டு நிண்டு, கேக்கைத் திண்டன். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், தின்ன என்னால முடிஞ்சுது.

அண்ணை ஒரு விழுந்த மரத்தடியில நிண்டார். உழுத்துப்போன மரம். அதுக்கு மேல விரல் நீளத்தில புதுக் கண்டுகள் வரிசையா முளைச்சிருக்கு. "இதை ஏன் லொறியில ஏத்தேல்லை எண்டு கேள்" எண்டார். பச்சைச் சட்டைக்காரர் சொன்னார், இஞ்ச ஒண்டையும் ஒருத்தரும் எடுக்கேலாது, முத்திரையும் இல்லை, லொறியும் இல்லை எண்டு.

"அப்ப விழுந்தது விழுந்தபடி கிடக்குமோ?"

"ஓம், விழுந்தபடி."

அண்ணை அந்த மரத்தில இருந்தார். மணிக்கூட்டைப் பாத்தார். நானும் எட்டிப் பாத்தன். மூண்டரை. நாலரையைக் கழிச்சால் பதினொண்டு. அங்க ஹைமில ரெலிபோன் அடிச்சுக்கொண்டு இருக்கும். அவர் நெஞ்சுப் பையில கையை வைச்சபடி ஆத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில போய் இருந்தன். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வாய் கூடின நான்!

ஹைமுக்கு வர ரெண்டு மணி. ஸ்ரனிஸ்லாஸ் வாசலில நிண்டார். "அண்ணை, அக்கா எடுத்தவ" எண்டார். "ஆள் எங்க எண்டு கேட்டவ. நான் இவை காடு பாக்கப் போட்டினம் எண்டு சொன்னன்."

நான் பல்லைக் கடிச்சன். டெர்மினுக்குப் போனவர் எண்டு சொல்லுங்கோ எண்டெல்லோ சொல்லிவிட்டது! பேந்து கேட்டால், பஸ் நிலையத்தால வந்த ஆரோ சொன்னவையாம், எங்களைக் காட்டுப்பக்க பஸ்ஸில கண்டது எண்டு.

"என்ன சொன்னவள்?" எண்டார் அண்ணை.

"சிரிச்சவ. ‘ஜேர்மனிக்குப் போயும் மனுசனுக்கு மரந்தானோ’ எண்டு சொல்லிச் சிரிச்சவ. வாற மாசம் எடுக்கிறன் எண்டவ."

"சிரிச்சவளோ?"

"ஓம் அண்ணை. நல்லாச் சிரிச்சவ."

திங்கக்கிழமை அண்ணை ஒரு கடிதம் கொண்டுவந்தார். இப்பதான் வந்தது எண்டார். அகதி அன்ராக், அதுதான் விண்ணப்பம், நிராகரிப்பு. அந்தச் சொல்லை மட்டும் ஹைமில எல்லாருக்கும் பாத்த உடனை தெரியும். கடிதம் நாலா மடிஞ்சு, ஒரு மூலை நனைஞ்சு, மை ஊறிக் கிடந்தது. தபால்காரனை நான் பேசாத பேச்சில்லை. பிறகு ஓடுப்பட்டு ஒரு வக்கீலைப் பிடிச்சு அப்பீல் போட்டம்.

அந்தக் கிழமை முடியிறதுக்குள்ள யாழ்ப்பாணத்தில சண்டை துவங்கிச்சுது. லைன் எல்லாம் அறுந்துது. நவம்பர் முதல் சனிக்கிழமை அண்ணை முகம் வழிச்சு, கதிரை போட்டு இருந்தார். ரெலிபோன் அடிக்கேல்லை. டிசம்பரிலயும் இருந்தார். அந்த மாசக் கடைசியில மச்சான்காரன்ர கடிதம் வந்தது. ஒக்ரோபர் இருபத்திரண்டாந் திகதி வளவுக்குள்ள ஷெல் விழுந்ததாம். அக்காவைச் சுடலைக்குக் கொண்டுபோக ஏலாமல் கிணத்தடிக்குப் பின்னால வைச்சு எரிச்சவையாம். கடிதத்தை அவரே வாசிச்சார், மடிச்சுப் பைக்குள்ள வைச்சார், குசினிக்குப் போய் அரிசி கழுவினார். எனக்குக் கத்த வேணும் போல இருந்தது. அவர் உலையில அரிசியைப் போட்டிட்டு ஸ்ரனிஸ்லாசைப் பாத்துக் கேட்டார், "அண்டைக்குச் சிரிச்சவள் எண்டனீர், என்ன?"

எண்பத்தெட்டில எங்களை டோர்ட்மண்டுக்கு விட்டாங்கள். கொஞ்ச மாசத்தில அண்ணையும் வந்தார். சாமான் அடுக்கிற மரத்தட்டுகள் திருத்துற இடமொண்டில வேலை, ஆணி அடிக்கிறது. வீட்டில ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு பானை. வருத்தம் துன்பம் எண்டு ஒண்டும் சொல்லமாட்டார். மாசத்தில ஒரு நாள் எங்கட வீட்டுக்கு வருவார், காலமை பத்தரை போல, முகம் வழிச்சு, சேட்டுப் போட்டு. தேத்தண்ணி குடிச்சு, ஸ்ரனிஸ்லாசிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டு, மறுமொழியைக் கேட்டிட்டுப் போவார். அது எப்பவும் முதல் சனிக்கிழமை எண்டது எனக்கு உறைக்கவே கனகாலம் எடுத்தது.

எண்பத்தொம்பது நவம்பரில வந்தபோது கையில ஒரு கடிதம் இருந்தது. அப்பீல் வெண்டிட்டுது. இருக்கலாம், குடும்பத்தையும் கூப்பிடலாம். அந்தக் கடைசி வரியை நான் வாசிச்சு முடிக்கேல்லை, கடிதத்தை மேசையில வைச்சன்.

"அண்ணை," எண்டன், "அண்டைக்கு அது டெர்மின் இல்லை. கோயில்காரற்ற நடை. கேக் குடுக்கேக்குள்ளதான் எனக்குத் தெரிஞ்சுது. உங்களுக்குச் சொல்லேல்லை. என்ர வாயால நீங்கள் அக்காவின்ர கடைசிக் கோலை விட்டனீங்கள். ரெண்டு வருசமா இதை நெஞ்சுக்குள்ள வைச்சு வெந்துகொண்டிருக்கிறன், அடிக்கிறதெண்டால் அடியுங்கோ." அழுதன். எனக்கு அழுகையும் கூடத்தான்.

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைச்சார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை."

"எப்ப தெரியும்? காட்டுக்குள்ளயோ?"

"போக முதலே. யன்னலடியில வைச்சுப் பாத்தனானெல்லோ. அந்தக் கழுகுக்குத் தலையைச் சுத்தி ஒளிவட்டம் இருந்தது. அரசாங்கம் தன்ர கழுகுக்கு ஒளிவட்டம் வைக்குமோ? பத்தொம்பது வருசம் முத்திரை பாத்த கண், பிள்ளை."

கழுகும் ஒளிவட்டமும் கோயில் முத்திரையில வாற புனித அருளப்பற்ற அடையாளம் எண்டு ஞானோபதேச வகுப்பில படிச்ச வேதக்காரி நான். எனக்குத் தெரியேல்லை, சைவக்கார மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு.

"அப்ப ஏன் அண்ணை போனனீங்கள்?"

"அந்த நிராகரிச்ச கடிதம் வெள்ளிக்கிழமையே வந்திட்டுது. ரெண்டு பேப்பரும் ஒண்டா வந்தது. உனக்கு ஒண்டைத்தான் காட்டினனான். மற்றது நெஞ்சுப் பைக்குள்ள இருந்தது." கோப்பையைத் தள்ளி வைச்சுச் சொன்னார். "எடுத்த உடனை அவள் அதைத்தான் கேப்பாள். எப்ப கூப்பிடுவியள் எண்டு. இல்லையாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அப்பீல் போட்டிட்டு, ஒரு மாசம் பொறுத்துச் சொல்லுவம் எண்டு நினைச்சன். ஒரு மாசம்தானே எண்டு நினைச்சன், பிள்ளை. நீ டெர்மின் எண்டு சொன்னது எனக்கு வசதியாப் போச்சு."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மரத்தின்ர சுத்தளவு சொன்ன அதே குரல். அவரில எனக்கு ஆத்திரம் வந்தது, முதல்தரமும் கடைசித்தரமுமா. ரெண்டு வருசம் என்னை வேகவிட்டியளே எண்டு கேக்க வாயெடுத்தன். அவற்ற முகத்தைப் பாத்திட்டு விட்டிட்டன். நான் ரெண்டு வருசமா வெந்தன். அந்த மனுசன் வேகக்கூட ஏலாமல் இருந்திருக்கிறார்.

கடிதத்தை எடுத்து, மடிச்சு, அதே நெஞ்சுப் பைக்குள்ள வைச்சார். பிறகு ஸ்ரனிஸ்லாசைத் திரும்பிப் பாத்தார்.

"சிரிச்சவள்தானே?"

"ஓம் அண்ணை. நல்லாச் சிரிச்சவ."

தலையாட்டினார். எழும்பிக் கோட்டைப் போட்டார்.

"இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோவன் அண்ணை, நேரமென்ன இப்ப?" எண்டன்.

கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பாத்து, "மூண்டரை" எண்டார். எங்கட சுவர் மணிக்கூட்டில பதினொண்டு.